கடலூர் மாமாவின் ஹெரால்டும் எங்கள் பத்மினியும்

16 மே 2025, வெள்ளி: திருச்சியிலிருந்து கடலூர்

வேப்பூரில் திரும்பி விருத்தாசலம் சாலையில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், எங்கள் பிரீமியர் பத்மினி கார் இரும ஆரம்பித்தது. மணி பதினொன்றரை. கத்திரி வெயில். ரோட்டில் கானல் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை, காலை எடுத்தால் இன்ஜின் ஆஃப். ஓரமாக ஒரு புளியமரம் பார்த்து நிறுத்தினேன்.

கடலூர் மாமாவின் கொட்டகையில் நிற்கும் பழைய ஹெரால்டு காரைக் கிளப்பத்தான் இந்தப் பயணம். கூட வந்தது அண்ணன் மகன் கார்த்தி. அவன் ஓட்டுவது எலெக்ட்ரிக் கார். பானெட்டைத் தூக்கியதும் அடித்த அனலில் பின்வாங்கி, "ரேடியேட்டரா அத்தை?" என்றான். ரேடியேட்டர் இல்லை, சூடு காட்டும் முள் நடுவில்தான் நின்றது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் பழகிப்போன தொல்லை இது. பட்டறைகளில் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப் இந்த வண்டிகளில் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். இன்ஜின் சூடு ஏறினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் எவ்வளவு அடித்தாலும் கார்புரேட்டருக்கு ஆவிதான் போகும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

துண்டை நனைத்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி தாண்டிப் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்து கார்த்தியிடம், "என்ன தலைவரே, பெட்ரோல் ஏறலையா?" என்றார். "அத்தைகிட்ட கேளுங்க, வண்டி அவங்களது" என்றான். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "அக்கா, துண்டு சீக்கிரம் காஞ்சுடும், சாக்கு கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, லாரியிலிருந்து ஒரு சாக்குத் துண்டும் பாதி கேன் தண்ணீரும் கொண்டுவந்தார். சாக்கை நாலாக மடித்து, நனைத்து, பம்பின்மேல் உட்காரும்படி கட்டுக்கம்பியால் அவரே கட்டினார். ஃபேன் பெல்ட்டில் கம்பி முனை மாட்டிவிடக் கூடாது என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். டீக்காவது காசு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், வாங்கவில்லை. "எங்கப்பா அம்பாசிடர் ஓட்டுனவரு, இதெல்லாம் சின்ன வயசுல என் வேலை."

பெண் ஓட்டும் வண்டி ஓரமாக நின்றால் யாராவது வந்து கூட இருக்கும் ஆணிடம் பேசுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக அதைப் பார்க்கிறேன். இந்த டிரைவர் ஒரே நொடியில் திருத்திக்கொண்டார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த வண்டி அப்பா 1986-இல் வாங்கியது. பிரீமியர் பத்மினி, 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்தில் ஹேண்ட் கியர். இத்தாலியின் ஃபியட் 1100 தான் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்து இந்தப் பெயரில் வந்தது. ஏ.சி. இல்லை. ஆனால் முன் கதவுகளில் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. கொக்கியை விடுவித்து அதைத் திருப்பிவிட்டால் ஓடும் வேகத்தில் காற்று நேராக முகத்துக்கு வரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் கழுத்துக்கு. முழுதாகத் திருப்பினால் பின் சீட்டுக்கு. வேகம் நாற்பதைத் தாண்டினால் போதும், கத்திரியில்கூடச் சமாளிக்கலாம். இவ்வளவு நல்ல அமைப்பை ஏன் எல்லாக் கார்களிலும் எடுத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்தான்.

வடலூரில் தருமசாலையில் சாப்பிட்டோம். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு, அன்றிலிருந்து அணையவில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்து, சோறு, சாம்பார், மோர். யார், எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை. பரிமாறியவர் மட்டும், "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் இன்னொரு தரம் ஊத்திக்குங்க" என்றார். வெளியே வந்து பார்த்தால் சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. வண்டி ஒரே செல்ஃபில் எடுத்தது.

மூன்றரைக்குக் கடலூர். ஆல்பேட்டை பக்கம் வந்ததும் கடல் காற்று அடிக்க ஆரம்பித்தது. மாமா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்தை வைத்தே எழுந்துவிட்டார். "உங்கப்பன் வண்டி அப்படியே இருக்கு பாப்பா." மாமா வீட்டு அத்தை சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். பழைய துறைமுகத்திலிருந்து காலையில் வந்த மீன். அதைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். கார்த்தி மூன்று முறை சோறு வாங்கினான்.

17 மே 2025, சனி: கொட்டகை

நாங்கள் வந்ததே கொட்டகையில் நிற்கும் வண்டிக்காகத்தான். 1970-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. மாமா பொதுப்பணித் துறையில் இருந்தபோது 1978-இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961-இலிருந்து அங்கே செய்தார்கள். 948 சிசி. உருவம் வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. நாலு கதவு வண்டி 1968-இல் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் இதையே மாற்றி கெசெல் என்று விட்டார்கள். அப்புறம் கார் செய்வதே நின்றுபோய், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய வண்டி வந்தது. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடம்பு, உள்ளே ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு கார் காலத்து இன்ஜின். விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. அந்த நேரத்தில் மாருதி 800 வந்து ஊரையே பிடித்துவிட்டிருந்தது. 1988-இல் ஸ்டாண்டர்டு கதை முடிந்தது. கல்கத்தா அம்பாசிடரையும் பம்பாய் ஃபியட்டையும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மதராஸில் செய்த ஹெரால்டை மதராஸ்காரர்களே மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எங்கள் தெரு குறுகல். சின்ன வயதில் மாமா திருச்சிக்கு வந்தால் தெருக்கோடியில் இந்த வண்டியை ஒரே ஒடிப்பில் திருப்புவதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடுவோம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அப்பாவின் வண்டி அதே இடத்தில் முன்னே பின்னே என்று இரண்டு தடவை போய்வர வேண்டும். அப்பாவுக்கு அதில் உள்ளூர ஒரு பொறாமை இருந்தது.

கொட்டகையைத் திறந்தோம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கொட்டகையின் ஓட்டைப் பிய்த்தது. அதற்கப்புறம் மாமா வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தும் வழக்கம் வைத்துக்கொண்டார். போன நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இந்தப் பக்கத்துத் தெருக்களில் புகுந்தது. பக்கத்து வீட்டுக் கார் சீட்டு வரைக்கும் முழுகியது. தண்ணீர் வடிந்ததும் அவர் சாவியைப் போட்டுத் திருப்ப, சிலிண்டருக்குள் போயிருந்த தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. முழுகிய வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

ஹெரால்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் தண்ணீர்க் கோடு தெரிந்தது. கட்டையின் உயரத்தால் டயரில் பாதியோடு தண்ணீர் நின்றிருக்கிறது. ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கறுப்பு, ஆனால் ஆயில்தான். தண்ணீர் கலந்திருந்தால் பால் டீ மாதிரி ஆகியிருக்கும். அடியில் மாமா வருஷாவருஷம் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசிவைத்ததால் உப்புக் காற்றிலும் சேசிஸ் தாக்குப்பிடித்திருக்கிறது.

வண்டியைக் கெடுத்தது புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஊரடங்கு காலத்தில் நிறுத்திய வண்டி. அப்புறம் மாமாவுக்குக் கண்புரை. ஆபரேஷன் ஆகிப் பார்வை தெளிவாகத் திரும்பியும் வண்டியை எடுக்கவில்லை. நின்ற வண்டிதான் கெடும். நான் கார்களைப் பற்றி உறுதியாக நம்பும் விஷயம் இது. டேங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் வாசனை. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பச்சையாகப் பிசின். கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக் மிதி தரைவரை போனது. முன் சக்கர பிரேக் சிலிண்டர்களில் பிஸ்டன் துருவோடு இறுகிவிட்டது. ரப்பர் எல்லாம் காய்ந்து விண்டிருந்தது. வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டர் ஓடியிருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

ஹெரால்டில் வேலை செய்வது சுகம். பானெட் இரண்டு மட்கார்டோடும் சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். இன்ஜின் முழுவதும் வெளியே வந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பிளக் நாலையும் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஊறவிட்டோம். முன் சக்கரத்துப் பிரேக் சிலிண்டர்களைக் கழற்றிப் பையில் போட்டோம். கடலூரில் இரண்டு ஸ்பேர் கடைகளில் காட்டியதற்கு இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "முதலியார்பேட்டைல ஒரு பெரியவரு இருக்காரு, அவர்கிட்ட போங்க."

17 மே, மாலை: புதுச்சேரி

பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் முள்ளோடையில் எல்லை வந்துவிடும். அங்கே பெட்ரோல் விலை குறைவு, அதனால் பெட்ரோல் பங்குகளில் தமிழ்நாட்டு வண்டிகள்தான் வரிசையில் நிற்கும். எல்லாக் கடலூர்க்காரர்களையும் போல மாமாவும் 'டேங்கை ரொப்பிக்கிட்டு வா' என்றுதான் அனுப்பினார். ரொப்பினோம்.

பெட்ரோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பங்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. கரும்பு விவசாயிக்கு நல்லது, இறக்குமதிச் செலவு குறையும் என்பதெல்லாம் சரி. ஆனால் எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வண்டியின் ரப்பர் குழாயையும் பம்பின் டயஃப்ரத்தையும் மெல்ல மெல்ல அரிக்கும். என் வண்டியில் குழாய்களை மாற்றிவிட்டேன். ஓடும் வண்டியில் பெட்ரோல் பத்து நாளில் தீர்ந்து புதிது ஏறிவிடும். நிற்கும் வண்டியில்தான் அது உட்கார்ந்து வேலையைக் காட்டும். கலக்காத பெட்ரோலும் ஊருக்கு ஒரு பங்கிலாவது கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போகும்போது சனிக்கிழமை நெரிசல். பெங்களூர், சென்னை வண்டிகள் எல்லாம் ஒரே சாலையில். ஊர்ந்து ஊர்ந்து போனதில் பம்ப் மறுபடி சூடேறியது. மரப்பாலம் சிக்னலுக்கு முன்னால் ஒரு கடை வாசலில் நிறுத்தி, சாக்கை நனைத்துக் கட்டினோம். கடைக்கார அம்மா கேட்காமலேயே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த வண்டியிலதான் நான் கல்யாணமாகி வந்தேன்" என்று கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

முதலியார்பேட்டைப் பெரியவரின் பட்டறை ஒரு சந்துக்குள் இருக்கிறது. எழுபதுக்கு மேல் வயது. சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். சுண்டு விரலை விட்டுத் தடவினார். "ரப்பர் கிட் மட்டும் போட்டா ஒழுகும். உள்ள குழி விழுந்திருக்கு. உள்ள புதுக் குழாயா ஸ்லீவ் போட்டுத் தரேன், ஆனா பத்து இருபது நாள் ஆகும்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். பேரம் பேசவில்லை. பேசவேண்டிய விலை இல்லை அது. பிளக், கண்டென்சர், பெட்ரோல் குழாய் எல்லாம் நூறடிச் சாலைப் பக்கம் ஒரு கடையில் கிடைத்தது, 1,150 ரூபாய்.

கிளம்பும்போது பெரியவர் பத்மினியைக் கவனித்துக் கேட்டார். "டேப்பட் சத்தமே இல்லையே, யாரு செட் பண்ணாங்க?" டேப்பட் என்றால் இன்ஜினின் வால்வைத் திறக்கும் பாகம், அதில் சின்ன இடைவெளி விட வேண்டும். நான்தான் என்றேன். "கொஞ்சம் லூஸ் வைங்கம்மா. சத்தம் கேட்டா வால்வு உயிரோட இருக்குன்னு அர்த்தம். சத்தமில்லாத டேப்பட் டைட்டா நின்னு வால்வைக் கருக்கிடும்." எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அவர் காதுக்குக் கேட்டது என் காதுக்குப் பழகிப் போயிருந்தது. அங்கேயே இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை எடுத்து எட்டு டேப்பட்டையும் பார்த்தார். இரண்டு டைட். கார்த்தி டார்ச் பிடித்தான். அதற்குக் காசு வாங்கவில்லை.

ராத்திரி தங்க அறை 2,800 ரூபாய். ஜன்னலே இல்லாத அறைக்கு. வார இறுதி என்றால் அப்படித்தானாம்.

18 மே 2025, ஞாயிறு: புதுச்சேரி, பிறகு கடலூர்

காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி போகக் கூடாது. வண்டி ஓட்டுவதை இவ்வளவு விரும்பும் நான் சொல்கிறேன், இந்த ஏற்பாடு அருமையானது. குழந்தைகள் நடுரோட்டில் ஓடுகிறார்கள், வயசானவர்கள் கையை வீசி நடக்கிறார்கள். நகரத்துக்குள் கார் அடக்கமாக இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு வெளியே எவ்வளவோ ரோடு இருக்கிறது.

மணக்குள விநாயகர் கோவில் வாசலில் புது வண்டிகளுக்குப் பூஜை. மாலை போட்ட பெரிய வண்டி ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டர் வாங்கிய குடும்பத்தில் பாட்டி முதல் பேத்தி வரை ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போது எல்லோரும் கைதட்டினார்கள். 1999-இல் நான் மாருதி 800 எடுத்த அன்றைக்கு நினைவு போனது. என் சம்பளத்தில் வாங்கிய முதல் கார். 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பர் 14-இல் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுத்த வண்டி அது, என் கைக்கு வரப் பதினாறு வருஷம் ஆயிற்று. அதை ஓட்டியபோதுதான் தெரிந்தது, கியர் விழ இவ்வளவு லேசாக இருக்கலாம், காலையில் சோக்கோடு மல்லுக்கட்டாமல் கிளம்பலாம் என்பதெல்லாம். பழைய வண்டிமேல் பிரியம் உள்ளவர்கள் மாருதியை மட்டமாகப் பேசுவார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனியாக ஒரு பெண் எந்த நேரத்திலும் நம்பி எடுத்துக்கொண்டு போகக்கூடிய வண்டியாக அதுதான் எனக்கு முதலில் அமைந்தது. பின்னால் பழையதாக ஒரு எஸ்டீம் வாங்கினேன். லேசான உடம்பு, 1300 சிசி இன்ஜின். புறவழிச்சாலையில் மூன்றாவது கியரில் அது இழுத்த இழுவையை இன்றைக்கு நான் ஓட்டும் புது வண்டியிலும் காணவில்லை.

காலை இட்லி, வடை, காபி இரண்டு பேருக்கு 210 ரூபாய். சாம்பார் இனிப்பு. ஒரு பேக்கரியில் நீள ரொட்டி சூடாக வாங்கி அத்தைக்குப் பையில் வைத்தோம்.

திரும்பி வந்தால் பத்மினியின் பானெட் மேல் ஒரு பையன் சாய்ந்து படுத்திருக்க, நண்பர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட் பக்கிள் பெயின்டில் உரசுகிறது. எனக்குக் கோபம் வந்தது. போட்டோ எடுங்கள், கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகூட எடுங்கள், கேட்டால் தருவேன். மேலே ஏறாதீர்கள் என்றேன். அவன் இறங்கி மன்னிப்புக் கேட்டான். அப்புறம் உள்ளே உட்கார்ந்து, "கியர் எங்க ஆன்ட்டி?" என்று தரையில் தேடினான். ஸ்டீயரிங் பக்கத்தில் காட்டினேன். ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கோபம் போய்விட்டது, கோடு மட்டும் பெயின்டில் இருக்கிறது.

மதியம் கன்னியக்கோயில் தாண்டும்போது திடீரென்று மழை. கோடை மழை, பெரிய பெரிய துளி. வைப்பர் மெதுவாகத்தான் ஆடும். நுங்கு விற்றுக்கொண்டிருந்தவரின் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஒதுங்கினோம். பத்து நுங்கு நூறு ரூபாய். மழை விடும்வரை உட்காரச் சொல்லி, சீவிச் சீவிக் கொடுத்தார். மழையில் பம்ப் தானாகக் குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வந்தார். சென்னையில் ஒருவர் ஹெரால்டுக்கு நாலு லட்சம் தருகிறாராம். "இல்லேன்னா ஐம்பது வருஷம் தாண்டின வண்டி, வின்டேஜ்னு பதிஞ்சிடுங்க, கௌரவமா இருக்கும்" என்றார். 2021-இல் வந்த விதி அது. இருபதாயிரம் கட்டினால் நம்பரில் வி.ஏ. என்று எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படிக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். சேகரிப்பவர்களுக்கு அது பொருந்தலாம். மாமாவுக்கு வேண்டாம் என்று நான் அங்கேயே சொன்னேன். இந்த வண்டி மஞ்சக்குப்பத்தில் காய்கறி வாங்கப் போக வேண்டும். கெட்டதே நின்றதால். அதை நிற்பதற்கென்றே பதிவு செய்வதா? கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாமா ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைக் காபியில் தொட்டுச் சாப்பிட்டார்.

19 மே 2025, திங்கள்: கடலூர்

முதலில் இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். டாப் கியரில் போட்டுவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இன்ஜினும் சுற்றும். வண்டிதான் கட்டைமேல் நிற்கிறதே. ஆனால் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியல் எதிர்ச் சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றிவிடும், இன்ஜின் அசையாது. அதனால் இந்தப் பக்கம் கார்த்தி, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பையன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னோக்கி. முதலில் நகரவில்லை. கொஞ்சம் பின்னால் ஆட்டி மறுபடி. ஃபேன் ஒரு அங்குலம் அசைந்தது. அப்புறம் ஒரு கால் சுற்று. பிளக் துளைகளிலிருந்து புஸ்ஸென்று ஆயில் தெறித்து என் சட்டையெல்லாம் கறை. இன்ஜின் விட்டுவிட்டது!

பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பாயிண்ட்டின் இரண்டு முகத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜில் வைத்தேன். சனிக்கிழமை கழுவிக் காயவைத்த கார்புரேட்டரை மாட்டினோம். டேங்கை நம்பவில்லை. ஒரு பாட்டிலில் புதுப் பெட்ரோல் ஊற்றி, உயரத்தில் கட்டி, குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கு நேராக விட்டோம். தீயணைக்கும் சிலிண்டரை நான் எப்போதும் வண்டியில் வைத்திருப்பேன், அதைக் கார்த்தி கையில் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். பத்மினியின் பேட்டரியிலிருந்து கரன்ட். பழைய வண்டிகளில் எர்த் எந்த முனையில் என்று பார்க்காமல் ஒயர் மாட்டக் கூடாது. பார்த்து மாட்டினோம்.

சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பியது மாமா. இரண்டு தடவை சுற்றி நின்றது. மூன்றாவது தடவை ஒரு சிலிண்டர் பிடித்தது, இரண்டு, அப்புறம் நாலும். கொட்டகை முழுக்க நீலப் புகை. ஊற்றிய ஆயில் எரிகிற புகைதான், ஐந்து நிமிஷத்தில் அடங்கியது. தெருவில் பாதிப் பேர் கேட்டில் நின்றார்கள். ஆயில் பிரஷர் முள் மெல்ல ஏறி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கிளட்ச்சை மிதித்துப் பிடித்து, பின் சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் ஒட்டியிருந்த தட்டு டொப்பென்று விட்டது.

பம்பு வைத்து டயரில் காற்று அடித்து, கட்டையிலிருந்து இறக்கினோம். கால் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு ஆயில் விட்டு, அது பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்த்தோம். முதல் கியரில் கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும், மறுபடி ரிவர்ஸில் கொட்டகைக்கு. அவ்வளவுதான் ஓட்டியது, மாமாதான் ஓட்டினார். கேட்டருகே நிறுத்தி அத்தையைக் கூப்பிட்டார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, "சீட்டுல எலி கடிச்சிருக்கு, அதையும் பாருங்க" என்றார். இருவரும் அப்படியே பின்னால் வந்தார்கள்.

மதியம் நெத்திலி வறுவல், முருங்கைக்காய் சாம்பார். சென்னைக்காரருக்கு மாமாவே போன் செய்து, வண்டி விற்பதற்கில்லை என்றார்.

20 மே 2025, செவ்வாய்: திருச்சி

நாலரைக்கே கிளம்பிவிட்டோம், வெயிலுக்கு முன்னால் ஊர் சேர. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழி. பண்ருட்டியில் விடியும்போதே சாலையோரம் பலாப்பழக் குவியல். ஒரு பழம் 220 ரூபாய், தட்டிப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார். பின் சீட்டில் வைத்தோம், திருச்சி வரை வண்டி முழுக்க அந்த மணம்தான். உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு கார்த்தி ஓட்டினான். முதல் கியரை வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன், ஒருமுறைகூடக் கரகரக்கவில்லை. சாக்குக்கு வேலை இல்லாமல் பத்து மணிக்கு முன்னால் வீடு.

ஹெரால்டில் இன்னும் வேலை இருக்கிறது. டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், பின் சக்கரச் சிலிண்டர்களைப் பார்க்க வேண்டும், டயர் நாலும் புதிது வேண்டும், சீட்டு தைக்க வேண்டும். அதுவரை வாரத்துக்கு ஒருநாள் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிடுவது என்று பக்கத்து வீட்டுப் பையனுக்கும் மாமாவுக்கும் ஒப்பந்தம். முதலியார்பேட்டைப் பெரியவர் சிலிண்டர் கொடுத்ததும் நானும் கார்த்தியும் போய் மாட்டுகிறோம். முதல் ஓட்டம் திருவந்திபுரம் கோவில் வரை. ஆடி பிறப்பதற்குள் நடக்க வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.